தெரியாதுன்னு சொல்லணும்

“யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். புரிஞ்சுதா?”

“தெரியாது.”

என் கணவருக்கு ஒரே சந்தோஷம். வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து மகளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே என்னை அண்ணாந்து பார்த்தார். ‘எப்படித் தேத்தி வச்சிருக்கேன் பார்த்தியா’ என்ற பார்வை. நான் பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் பிள்ளைக்கு நாலு விஷயம் கற்றுக்கொடுத்து அழைத்துப் போவார்கள். கற்றதையெல்லாம் மறைக்கச் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போன பெற்றோர் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

இந்தக் கூத்து போன வருடம் ஆரம்பித்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு விளையாட்டு அரங்கத்தில் லிஃப்டைச் சரி செய்யப் போனவர், அங்கே இருந்த பயிற்சியாளர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். அணிக்குத் தேர்வாகிற பிள்ளைகளில் பாதிப் பேர் திறமையில் பெரியவர்கள் இல்லை, வயதில் சில மாதம் பெரியவர்கள், அவ்வளவுதான் என்று அந்த மனிதர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். மேலே போன லிஃப்ட் கீழே வருவதற்குள் என் கணவருக்கு ஞானோதயம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“நம்ம வாலை இந்த வருஷம் சேர்க்க வேணாம். ஒரே ஒரு வருஷம் தள்ளிப் போடுவோம். அப்புறம் பாரு. கிளாஸ்லயே அவதான் உசரம், அவதான் வேகம், கணக்குலயும் அவதான். எல்லாப் பிள்ளைங்களும் இவளை அண்ணாந்து பார்க்கும்.”

‘வால்’ என்பது எங்கள் மகள். ஒரு இடத்தில் நிற்காதவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

அவர் எதற்கு அப்படித் துடித்தார் என்பது எனக்குத் தெரியும். சீக்கிரமே பள்ளியில் போடப்பட்ட பிள்ளை அவர். வகுப்பிலேயே குட்டி. கூடப் படித்தவர்கள் வைத்த பெயர் ‘அரை டிக்கெட்’. எங்கள் கல்யாணத்துக்கு வந்த அவருடைய நண்பர்கள் கூட, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவரை, “டேய் அரை டிக்கெட், போட்டோல தெரியணும்னா முன்னாடி வாடா” என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

நான் குழந்தைகள் ஷூ கடையில் வேலை பார்க்கிறேன். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரியதாக வாங்கிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பிள்ளை கடையை விட்டு இறங்குவதற்குள் தடுக்கி விழும். இவர் சொன்னது அதற்கு நேர்மாறு. ஷூ அப்படியே இருக்கட்டும், பிள்ளை வளர்ந்து வரட்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. சரி என்றேன். என் நாத்தனார்தான் போன் போட்டு, “என்ன அண்ணி, எல்லாரும் பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறாங்க, நீங்க பரண்ல ஏத்தி வச்சிருக்கீங்களாமே?” என்று கேட்டாள்.

பரணில் ஏற்றியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

எதிர் வீட்டில் ஒரு பெண் குழந்தை, எங்கள் மகள் வயதுதான். அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் ‘மைக்’. போன வருடம் மைக் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிய அன்று, வால் எங்கள் கதவில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். அழவில்லை. லிஃப்ட் கதவு மூடியதும் என்னிடம் வந்து, “என்னை மட்டும் ஏன்மா மிச்சம் வச்சிருக்கீங்க?” என்றாள். “நீ இன்னும் நல்லா வளர்ந்துட்டுப் போவியாம் கண்ணு” என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் சுவரோரம் போய் நின்று, “வளர்ந்துட்டேனா?” என்று கேட்பாள்.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு அவள் மைக்கின் வீட்டில் இருப்பாள். மைக்கின் அம்மா வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் காலடியில் துணி வெட்டுகளைப் பரப்பிக்கொண்டு வால் விளையாடிக்கொண்டிருப்பாள், ஆனால் காது மட்டும் லிஃப்ட் பக்கம் இருக்கும். மைக் வந்து இறங்கியதும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நடைபாதையில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். மைக் டீச்சர். வால் மொத்த வகுப்பு. அன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்ததோ அது ஒன்று விடாமல் இங்கே மறு ஒளிபரப்பு ஆகும். பாடம், பாட்டு, கணக்கு, திட்டு எல்லாம். எவனோ பின் பெஞ்சில் பென்சிலைக் கடித்ததற்கு டீச்சர் திட்டியிருந்தால், வால் இங்கே பென்சிலைக் கடித்து அந்தத் திட்டையும் வாங்கிக்கொள்வாள். நான் கடையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது, முகமே பார்த்திராத ஒரு டீச்சரிடம் என் மகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். விளையாட்டுதானே என்று நாங்கள் தாண்டிப் போய்விடுவோம்.

சமீபத்தில் ஒரு நாள் அவர் வேலை செய்யும் கட்டிடத்துக்கு நானும் வாலும் போயிருந்தோம். லிஃப்ட் முன்னால் அவரே மாட்டி வைத்திருந்த பலகையைப் பார்த்து, “பழுது பார்க்கப்படுகிறது, படிக்கட்டைப் பயன்படுத்தவும்” என்று வால் ஒரு மூச்சில் படித்தாள். அதோடு விட்டாளா? “ப்பா, ‘பயன்படுத்தவும்’ல நீ புள்ளி வைக்க மறந்துட்ட” என்றாள்.

அவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. முதலில் பெருமை. அவளைத் தூக்கிச் சுற்றினார். கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு மறுபடியும் படிக்க வைத்தார். அந்தப் பெருமை வீடு வந்து சேரும்வரைதான் நிலைத்தது. மைக்கின் அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“அண்ணா, அந்த ஸ்கூல் பெரிய டீச்சர் ஒரு மாதிரி. லேட்டா சேர்க்க வர்ற பிள்ளைங்களை உட்கார வச்சுக் கேள்வி கேப்பாங்க. நல்லா படிக்குதுன்னா வயசுக்குத் தகுந்த மாதிரி நேரா ரெண்டாம் கிளாஸ்ல போட்டுடுவாங்க. நம்ம வால் என் பொண்ணோட உட்கார்ந்துக்கும், ரெண்டும் சேர்ந்தே போகட்டுமே!”

அவர் முகத்தில் இருந்த விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. ஒரு வருடம் காத்திருந்தது எதற்கு? கடைசியில் தன் வயதுப் பிள்ளைகளோடேயே போய் உட்காரவா? அதுவும் எல்லாரும் ஒரு வருடம் பள்ளியைப் பார்த்தவர்கள், இவள் புதிது. மறுபடியும் ஒரு அரை டிக்கெட்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ‘தெரியாது’ விளையாட்டு. “இது என்ன எழுத்து?” “தெரியாது.” “அஞ்சும் மூணும்?” “தெரியாது.” சரியாகச் சொன்னால் அப்பா அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். இதைவிடச் சுலபமான விளையாட்டு வாலுக்குக் கிடைத்ததில்லை.

*

பள்ளிக்குள் நுழைந்ததும் அவள் கை என் கைக்குள் துள்ள ஆரம்பித்துவிட்டது. வகுப்புகள் தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எல்லா இடத்திலும் புது ரப்பர் வாசனை. வால் ஒவ்வொரு கதவையும் காட்டி என் காதில் கிசுகிசுத்தாள்.

“அதான் தண்ணி குடிக்கிற இடம். அங்க தள்ளுனா முட்டி போடணும். இதுதான் முதல் கிளாஸ். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா காத்து வரும், ஆனா பறவை பார்த்தா திட்டு விழும்.”

ஒரு நாளும் கால் வைக்காத இடம். கண்ணை மூடிக்கொண்டு நடப்பாள் போல இருந்தது.

தலைமையாசிரியையின் அறையில் ஒரு பெரிய மேசை. சுவரோரமாகக் குழந்தைகள் உட்காரச் சின்னச் சின்ன மர நாற்காலிகள். ஜன்னல்கள் ரொம்ப உயரத்தில் இருந்தன, வெளியே மைதானத்துச் சத்தம் மட்டும்தான் உள்ளே வந்தது. தலைமையாசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாலைப் பார்த்துச் சிரித்தார்.

“வாங்க மகாராணி. உங்க பேர் என்ன?”

வால் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

“தெரியாது.”

“பேர் தெரியாதா? வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க?”

“தெரியாது.”

“சரி, இவங்க யாரு?” என்று என்னைக் காட்டினார்.

வால் என்னை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள். “தெரியாது.”

எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் நெற்றியில் வியர்வை. மறைக்கச் சொன்னது எழுத்தையும் எண்ணையும்தான், பெற்ற தாயை இல்லை. ஆனால் யார் என்ன கேட்டாலும் என்று சொன்னதும் அவர்தான். தலைமையாசிரியை படம் போட்ட அட்டைகளைக் காட்டினார். பூனை தெரியாது. சூரியன் தெரியாது. சிவப்பு தெரியாது. ஒவ்வொரு ‘தெரியாது’வும் முந்தியதைவிட உற்சாகமாக வந்தது. எத்தனை சுற்று தோளில் ஏறலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

தலைமையாசிரியை அட்டைகளை ஓரமாக வைத்தார். குரல் இப்போது இன்னும் மென்மையாகிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“கண்ணு, உனக்கு ஸ்கூலுக்கு வர ஆசையா?”

வால் வாயைத் திறந்தாள். மூடினாள். அப்பாவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே யாரோ ஓடும் காலடிச் சத்தம் கேட்டதும் கண் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஃப்ராக்கின் ஓரத்தை இரண்டு கையாலும் முறுக்கினாள்.

“தெரியாது” என்றாள். உதடு கோணியது.

எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

“தப்பா நினைச்சுக்காதீங்க சார்” என்றார் தலைமையாசிரியை. “பிள்ளை இன்னும் தயாராகலைன்னு தோணுது. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. இன்னும் ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும். அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க.”

“ஐயோ, இல்ல மேடம்!” அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “இவளுக்கு எல்லாம் தெரியும். நல்லாத் தெரியும். வாலு, சொல்லும்மா. அஞ்சும் மூணும் எவ்வளவு?”

“தெரியாது.”

“பரவாயில்லடா, அப்பா சொல்றேன்ல, இப்ப சொல்லலாம்.”

“தெரியாது!” வால் விடுவதாக இல்லை. அப்பா தன்னைச் சோதிக்கிறார், இதில் தோற்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள்.

“விளையாட்டு முடிஞ்சுதும்மா. அவ்வளவுதான். முடிஞ்சுது!”

தலைமையாசிரியை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிள்ளையின் குறையை ஒத்துக்கொள்ள முடியாத தகப்பன் என்று எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! நான் வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், எங்கே தொடங்குவது? பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கிக் கூட்டி வந்தோம் மேடம் என்றா?

அந்த நேரத்தில் வெளியே கூச்சல் பெரிதாகக் கிளம்பியது. கதவு வாசலில் ஒரு டீச்சர் வந்து நின்றார். நெட்டையாக, ஒல்லியாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நடைபாதையைப் பார்த்து இரண்டு முறை கை தட்டினார்.

“கண்ணு?”

“இங்க!” என்று ஒரு குரல் வந்தது. ஆனால் நடைபாதையிலிருந்து வரவில்லை. அறைக்குள்ளிருந்து வந்தது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். தலைமையாசிரியையும் பார்த்தார். வால் நாற்காலியை விட்டு எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, முதுகு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

டீச்சர் சந்தேகமாக மறுபடியும் கை தட்டினார். “காது?”

“திறந்து!”

“வாய்?”

“பூட்டு!”

“சாவி?”

“உங்க கைல மிஸ்!”

எங்கள் நடைபாதையில் தினமும் கேட்டதுதான். மைக் தட்டுவாள், வால் கத்துவாள், மைக்கின் அம்மா மெஷினை நிறுத்திவிட்டு “சத்தம் போடாதீங்கடி” என்பாள். இந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க எந்த விளையாட்டுச் சட்டமும் வாலைத் தடுக்க முடியாது.

“யாரும்மா நீ? என் கிளாஸா?” டீச்சர் குனிந்து பார்த்தார்.

“ஆமா மிஸ்.”

“எப்பலேர்ந்து?”

“போன வருஷத்துலேர்ந்து மிஸ். நீங்கதான் என்னைப் பார்த்ததில்ல.”

அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. பேர் வந்தது, என் பேர் வந்தது, அப்பா பேர் வந்தது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்தாள். முதல் வகுப்புப் பாட்டை டீச்சர் மாதிரியே இடுப்பில் கை வைத்துப் பாடினாள். “இது கிளாஸா, சந்தையா?” என்று டீச்சரின் குரலிலேயே டீச்சரைக் கேட்டாள். அந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. என் மகளுக்கு மூச்சு முட்டியது. இத்தனை நாள் உள்ளே அடைத்து வைத்தது எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்தது.

“அஞ்சும் மூணும் எட்டு. எட்டும் மூணும் பதினொண்ணு. மேடம், எனக்கு ஸ்கூலுக்கு வர ரொம்ப ரொம்ப ஆசை!”

சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “தோத்துட்டேனாப்பா?”

“இல்லடா தங்கம்” என்றார் அவர்.

தலைமையாசிரியை கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று பார்த்தேன், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“இவளை முதல் கிளாஸ்ல உட்கார வச்சா, அதே பாடத்தை மறுபடியும் கேட்கணும் சார். ரெண்டாம் கிளாஸ்ல தாராளமா உட்காரலாம்.”

“எல்லாரும் பெரியவங்களா இருப்பாங்களே மேடம்.”

“இவ வயசுதானே?”

“வயசு அதேதான். ஆனா அவங்க ஒரு வருஷம் இங்க இருந்தவங்க. இவ நேத்து முளைச்சவ.” அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் ஒரு ஓட்டப்பந்தயத்துலகூட நடுவுல வந்ததில்ல மேடம். ஜெயிக்கறதை விடுங்க, நடுவுல. கோட்டைத் தொடும்போது கயித்தையெல்லாம் சுருட்டி வச்சிருப்பாங்க. என் பொண்ணு அப்படி வர வேண்டாம்னு நினைச்சேன். தப்பா?”

என்னிடமும் இதுவரை அவர் இதைச் சொன்னதில்லை.

“தப்பில்லைங்க” என்றேன் நான். “ஆனா அவ இந்த ஒரு வருஷமும் ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கா. நாமதான் நின்னு பார்க்கல.”

மணி அடித்தது. வால் துள்ளினாள். மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும், அவளுக்கு அதுவும் தெரியும். டீச்சரின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

“ரெண்டு கிளாஸ்லயும் இடம் இருக்கு” என்றார் தலைமையாசிரியை. “பிரேயர் முடியட்டும். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்.” அவரும் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். டீச்சரோடு வால் ஏற்கெனவே போய்விட்டிருந்தாள். எங்களிடம் ஒரு டாட்டாகூடச் சொல்லவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் தனியாக நின்றோம். அவர் ஜன்னலருகே போனார். எட்டவில்லை. குதிகாலை உயர்த்திப் பார்த்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒரு குழந்தை நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறிக்கொண்டார்.

“விழுந்து வைக்காதீங்க. தெரியறாளா?”

“தெரியறா, தெரியறா. முதல் கிளாஸ் லைன்ல கடைசில நிக்கிறா. ஏய், எல்லாரையும் விட ஒரு தலை உசரம்!” அவர் குரலில் அந்தப் பழைய பெருமை. “நான் சொன்னேன்ல? பாரு, எப்படி நிமிர்ந்து நிக்கிறா!”

“அப்போ அங்கேயே இருக்கட்டுமா?”

“இரு, இரு. எங்கயோ போறா. ஐயையோ, எதிர்வீட்டுக் கழுதை கையாட்டிக் கூப்பிடுது. ரெண்டாம் கிளாஸ் லைனுக்கு ஓடிட்டா.”

“அங்க எப்படி இருக்கா?”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் எட்டிப் பார்த்தார்.

“முன்னாடி நிக்கிறா. சின்னதா இருக்கா. ரொம்பச் சின்னதா இருக்கா.”

“அழறாளா?”

“இல்லடி. சிரிக்கிறா. பின்னாடி இருக்கிறவங்களையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறா.” கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகின. “இப்ப மறுபடியும் கிளம்பிட்டா. முதல் கிளாஸுக்கு. இல்ல, திரும்பிட்டா. டீச்சர் கை தட்டுறாங்க, அவ காதுலயே போட்டுக்கல. என்ன ஓட்டம் ஓடுறா! நீயும் வந்து பாரேன்!”

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். அது கிறீச்சிட்டது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மைதானம் முழுக்கச் சீருடைகள், கோடு போட்ட மாதிரி. இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் இருந்த அந்த மண் தடத்தில் ஒரு நீல ஃப்ராக் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத்துத் தலைகளும் அவளோடு சேர்ந்து திரும்பித் திரும்பி வந்தன.